வெள்ளைச் சோளத்தில் மஞ்சள் மணிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தாயை இழந்து நிற்கும் மகளே, விடுப்புப் போட்டு வந்திருக்கும் வீட்டுத் தோட்டக்காரர்களே, கூப்பிடாமலே வந்து கதவோரம் உட்கார்ந்திருக்கும் ரொட்டிக்கடைக்காரரே! அனைவருக்கும் சங்கச் செயலாளரின் வணக்கம்.

நம் தபால் அக்கா போய்விட்டார். முப்பது ஆண்டுகள் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர், ஓய்வுபெற்ற பின் கொல்லையில் வெள்ளை மக்காச்சோளம் வளர்த்தார். எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய ரகம். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி, அரைத்து, சுடச்சுட ரொட்டி தட்டிக் கொடுத்தாரே, மறக்க முடியுமா? இரண்டாவது ரொட்டி கேட்டால், "முதல்ல போய்க் களை எடுங்க, அப்புறம் தின்னலாம்" என்று விரட்டினாரே, அதைத்தான் மறக்க முடியுமா?

அடுத்த தோட்டத்து மகரந்தம் காற்றில் வந்து இழையில் ஒட்டினால் வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி விழும். அதனால் கதிர் நுனியில் இழை எட்டிப்பார்க்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் காக்கித் தாள் உறை மாட்டுவார். பிறகு தன் செடியின் மகரந்தத்தைத் தன் கையாலேயே தூவுவார். எப்பேர்ப்பட்ட பொறுமை! அந்த உறைகளை நம்பித்தான், மூன்று வீடு தள்ளி ரொட்டிக்கடைக்காரர் மஞ்சள் சோளம் போட அக்கா சம்மதித்தார்.

மூன்று ஆண்டுக்கு முன் அறுவடையில் என்ன நடந்தது? உரித்த கதிரிலெல்லாம் மஞ்சள். "உறை கட்டியிருந்துச்சே, அப்புறம் எப்படி வந்துச்சு? யாரோ பிரிச்சிருக்காங்க" என்றார் அக்கா. அவர் ஊரில் இல்லாத வாரம் கொல்லைக்குப் போனவர் ரொட்டிக்கடைக்காரர். "சும்மா பாத்துட்டு வந்தேன்க்கா, தொடவே இல்ல" என்று கெஞ்சினார். யார் கேட்டோம்? சங்கத்தை விட்டே நீக்கினோம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்பர்களே, அந்த வாரம் அக்கா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். உறைகளை என்னிடம்தான் கொடுத்தார். "இழை வெளிய வர்றதுக்குள்ள கட்டிருங்க தம்பி, ஒரு நாள் தப்பினாலும் போச்சு." நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மூன்றாம் நாள் போனபோது இழைகள் விரல் நீளம் தொங்கின. அதன்மேலேயே உறையைக் கட்டினேன். போனில் கேட்டார். "அன்னிக்கே கட்டிட்டேன்க்கா" என்றேன்.

தலைவரே, என் சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். முடித்துவிடுகிறேன்!

அதன்பின் அக்கா விதைக்கவே இல்லை. "யாரை நம்பி விதைக்கிறது?" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "அந்த மனுஷன் ஏன் அப்படிப் பண்ணினாரு?" என்று என்னிடமே கேட்டார். நான் போர்வையைச் சரிசெய்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கலப்பதற்கு முந்தைய விதை ஒரே ஒரு ஜாடி, இதோ மகளின் மடியில். இந்தப் பருவம் விதைக்காவிட்டால் முளைக்குமோ, முளைக்காதோ. கூட்ட முடிவில் அதை என்னிடம் ஒப்படைப்பதாகத் தீர்மானம். அதைத் தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "அவர் பணியைத் தொடர்வேன்" என்று உறுதி சொல்லி முடிப்பதுதான் முறை. என் உறுதி இதுதான்: விதை ரொட்டிக்கடைக்காரருடையது. அவர் கண்ணெதிரே உறை கட்டும் கூலிக்காரன் நான்.

மகளே, ஜாடியோடு என்னைத் தாண்டிப் போகிறீர்கள். போங்கள், அவரிடமே போங்கள். ஐயோ, அவர் எழுந்து கதவைத் திறக்கிறாரே! ரொட்டிக்கடைக்காரரே, நில்லுங்கள்! என்னை மன்னிக்க வேண்டாம். என்மேல் உள்ள கோபத்தை விதைமேல் காட்டிவிடாதீர்கள். கையை நீட்டுங்கள் ஐயா!