ஃபிரிட்ஜுல இருந்த ரெண்டாவது கப்

நெத்தியத் தரையிலருந்து எடு முதல்ல. பாய் அச்சு நெத்தியில விழுந்துடும். எவ்ளோ நேரமா அப்படியே குனிஞ்சு கெடக்கிற? போதும்மா மிசுஹோ. நீ மன்னிப்புக் கேட்டாச்சு, நானும் காதுல வாங்கியாச்சு, எந்திரி. அந்த மிட்டாய்ப் பெட்டிய மாடத்துல அவர் போட்டோ முன்னாடி வெச்சிட்டு, ஒரு ஊதுபத்திய ஏத்திட்டு அடுக்களைக்கு வா. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு.

காப்பி ஜெல்லிதான். ஏன் மொகம் இப்படிப் போகுது? அவருக்குப் படைக்கணும்ல. நாப்பத்தொம்போது நாள் முடியிற வரைக்கும் தெனம் ஏதாவது வெக்கணும், அவருக்கு வேற என்ன பிடிக்கும்? ரயில்வேல சிக்னல் பாத்த மனுஷன், ஒரு நாளைக்கு ஏழு கப்பு காப்பி குடிச்சவர். பக்கவாதம் வந்து தொண்டை போனதுக்கப்புறம் ஒரு மடக்குத் தண்ணிகூடப் புரையேறும். காப்பிய ஜெல்லியாத்தான் உள்ள தள்ள முடிஞ்சுது. ரெண்டு வருஷம்.

இந்தா, கரண்டியப் பிடி. சும்மா நின்னா அழுவ. கிளறு. இது கடல்பாசித் தூள், தண்ணில போட்டு நல்லாக் கொதிக்கணும், கொதிச்சபிறகும் ரெண்டு நிமிஷம் விடக்கூடாது, இல்லேன்னா உறையாது. ஆமா, கடல்பாசிதான். ஜெலட்டின் இல்ல. எனக்குத் தெரியும்மா, நீ சொல்ல வேண்டாம். அவரைப் பாத்துக்க உன்ன அனுப்பின ஆபீஸ்லருந்து வந்த தொண்டைப் பயிற்சி டீச்சர் முதல் நாளே காயிதத்துல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டுப் போனாங்கள்ல, இன்னும் அங்கதான் இருக்கு பாரு. ஜெலட்டின் நாக்குச் சூட்டுக்கே கரைஞ்சு வழுக்கிட்டு எறங்கிடும், கடல்பாசி கரையாது, துண்டு துண்டா ஒடைஞ்சு போய் அடைக்கும், அதனால இவருக்கு ஆகவே ஆகாதுன்னு. சிவப்பு மையில ரெண்டு கோடு வேற.

இப்ப அவரை இது ஒண்ணும் பண்ணாது. கிளறு.

இல்ல, நான் கோவமா இல்ல. அழவும் வரல. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க, எப்ப அழுவான்னு. காலையில எந்திரிக்கிறேன், அரிசி களையறேன், ரெண்டு பேருக்குன்னு அளந்து போட்டுட்டு ஒண்ண மாடத்துல வெக்கறேன். அவ்ளோதான். மரத்துப் போச்சு. பல்டாக்டர்கிட்ட ஊசி போட்டுட்டு வந்தா உதடு இருக்குதா இல்லியான்னே தெரியாதுல்ல, அந்த மாதிரி இருக்கு.

காப்பியக் கெட்டியாப் போடணும். உறைஞ்சா கசப்பு கம்மியாத் தெரியும். சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போதும், அவருக்கு இனிப்புப் பிடிக்காது. மாமியாருக்குத்தான் இனிப்பு. தொண்ணூத்தாறு வயசுல காப்பி ஜெல்லிக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பாகு ஊத்தித் தின்ன பொம்பளை. ஆயியும் புள்ளையும் காப்பிப் பைத்தியம். ஜூன்ல அவங்க போனாங்க, ஜூலையில இவரு. அம்மா கூப்பிட்டாங்க, புள்ள கெளம்பிட்டாருன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிறாங்க. பேசட்டும்.

என் நாத்தனாரை நீ பாத்திருக்கல்ல, ஃபுசாயே அக்கா? சாவுவீட்டுல அவ்ளோ பேர் முன்னாடி உன்னக் கையக் காட்டினாங்களே, அவங்கதான். போன நோண்டிக்கிட்டே ஊட்டியிருப்பான்னு சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. வந்தவங்களுக்கு டீ ஊத்திக்கிட்டே இருந்தேன். மாமியார் செத்தப்ப அவங்கதான் ஒத்தக் கால்ல நின்னாங்க, நாப்பத்தொம்போது நாள் முடியற வரைக்கும் மாடத்துக்கு உயிர்வதை பண்ணின பொருள் எதுவும் வரக்கூடாதுன்னு. மீனு கிடையாது, முட்டை கிடையாது. ஜெலட்டின் பாக்கெட்டத் திருப்பிப் படிச்சுட்டு, பன்னித்தோல் போட்டிருக்கு, இத எங்கம்மாவுக்கு வெப்பியான்னு கேட்டாங்க. இந்தக் காலத்துல யார் அவ்ளோ பாக்கறா? ஆனா மூத்தவங்க, மறுபேச்சு பேச முடியுமா?

அதனால அன்னிலருந்து ரெண்டு சட்டி. ஒரு சட்டியில மாமியாருக்குக் கடல்பாசி, இன்னொண்ணுல இவருக்கு ஜெலட்டின். அடுப்ப இறக்கு, பொங்குது. ம், இப்ப காப்பிய ஊத்து. மெதுவா. இந்தக் கப்புல எடு, நீல விளிம்பு போட்டது. அஞ்சு கப்பு செட்டு, எங்க கல்யாணத்துக்கு வந்தது, ஒண்ணுகூட ஒடையல.

மாடத்துல வெச்சத மத்தியானத்துக்குள்ள எறக்கிடணும்ல, ஜூலை வெயில்ல. எறக்கினதக் கொட்டக்கூடாது, வீட்டாளுங்க யாராவது சாப்பிடணும். அத நான்தான் சாப்பிடுவேன். அவர் கப்பு ஃபிரிட்ஜுல எடதுபக்கம், மாடத்துக் கப்பு வலதுபக்கம். அப்படித்தான் ஒரு மாசம் வெச்சேன்.

வேண்டாம், அந்த நோட்ட எடுக்காத. எத்தன தடவ படிச்சுக் காட்டுவ? அரை ஸ்பூன்தான் குடுத்தேன், தலகாணி முப்பது டிகிரி, முழுங்கினாரான்னு கழுத்தப் பாத்தேன்... சரியாத்தான் எழுதியிருக்க. சரியாத்தான் ஊட்டின. நான் அந்தக் கதவுகிட்டதானே நின்னேன், போன் பேசிக்கிட்டு. உன் கையில போனே இல்ல, என் கையிலதான் இருந்துச்சு. அவர் இருமினதும் நீ அவரை முன்னால சாய்ச்சு முதுகுல தட்டினது, வாய்க்குள்ள வெரல விட்டது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கன்னு கத்தினது, எல்லாம் பாத்தேன். என் கையில போன் இருந்தும் எனக்கு நம்பர் போடத் தோணல. நீதான் ஓடிவந்து பிடுங்கின.

ராஜினாமா எழுதிட்டியா? அந்தக் கவரா? குடு பாப்போம். கையெழுத்து நல்லாருக்கு. எத்தன வருஷம் படிச்ச இந்த வேலைக்கு? உங்கப்பா வேண்டாம்னாரு, நீதான் பிடிவாதமா வந்தேன்னு ஒருநாள் சொன்னியே. இவரும் நீ வர்ற செவ்வாய் வெள்ளிக்குக் காலையிலேயே சவரம் பண்ணிவிடச் சொல்லி உயிர எடுப்பாரு. என்கிட்ட ஒரு நாளும் அப்படி இல்ல.

உக்காரு. இது ஆறட்டும். கடல்பாசி வெளியவே உறையும், ஃபிரிட்ஜுகூட வேண்டாம்.

சாவு முடிஞ்சு, எலும்பு எடுத்து, வந்தவங்க எல்லாம் போனதுக்கப்புறம், ஆறாம் நாள்னு நெனைக்கிறேன், ஃபிரிட்ஜத் தொறந்தேன். ஒரு கப்பு இருந்துச்சு. அட, அன்னிக்கு மாமியாருக்கு வெச்சு எறக்கினது, சாப்பிட மறந்துட்டேனேன்னு எடுத்து மேசையில வெச்சேன். எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. வெச்சிட்டு உக்காந்திருந்தேன். சாப்பிடத் தோணல. ஏசியும் போடல, வேர்த்து ஊத்துது, துடைக்கக்கூட கை வரல. ரெண்டு மணி நேரம் இருக்கும். அப்புறம் பாத்தா கப்பு பூரா வெறும் காப்பி. தளும்பிக்கிட்டு, தண்ணியா.

ஆமா. கடல்பாசி அந்த வெயிலுக்கெல்லாம் கரையாது.

இவர் போன அன்னிக்கு ஃபுசாயே அக்கா போன்ல திட்டிக்கிட்டே இருந்தாங்க, அவங்கம்மா நாப்பத்தொம்போதாம் நாளுக்கு ஓத வர்ற ஐயருக்கு என்ன சமைக்கப் போறேன்னு. நீ ஜெல்லி எங்கன்னு கேட்ட. நான் போனக் காதுல இடுக்கிக்கிட்டு, பாக்காம ஒரு கப்ப எடுத்து உன் கையில குடுத்தேன். நீயா எடுக்கல. ரெண்டும் ஒரே கருப்பு, ஒரே கப்பு, உனக்கு எப்படித் தெரியும்?

அந்தத் தண்ணியக் குடிச்சிட்டுக் கப்பக் கழுவிக் கவுத்தேன். மறுநாள் உங்க ஆபீஸ் மேனேஜர் வந்தாரு. உன்ன மாதிரியே தரையில குனிஞ்சாரு. அந்தப் பொண்ணு மேல தப்புன்னு நீங்க சொன்னா வேலையிலருந்து எடுத்துடறோம், இல்லேன்னா வெச்சுக்கறோம், உங்க ஒரு வார்த்தைதான்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். பத்து நாளாச்சு. தெனம் காலையில போன் பண்றாரு, தெனமும் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிடறேன்.