பன்னிரண்டு மொட்டைகளும் ஒரு படகுக்காரரும்

என் வயது ஐம்பத்திரண்டு. மேம்பாலத்தை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்யும் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டாவது மாடியில் என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், குடியிருக்கிறார். அவர் கைபேசி பழுதுபார்ப்பவர். அவருடைய பன்னிரண்டு கைபேசிகளை நான் தண்ணீரில் நனைத்துவிட்டதாக அவர் கொடுத்த புகாரின்பேரில் காவல் நிலையத்தில் என்னை விசாரித்தபோது நான் சொல்வது பின்வருமாறு. நனைத்தது உண்மை. மீதியையும் கேட்டு எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இணையத்தில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டில் சில வருடங்களாக நான் உப்பு விற்று வருகிறேன். அங்கே என் பெயர் உப்புக்காரி. பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சி, அது காயும்வரை காத்திருந்து, உப்பை வாரிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். காயும்வரை வேறு வேலை கிடையாது என்பதால் பக்கத்துப் பாத்திக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்போம். விசாரணை அதிகாரி அவர்கள், "இதுல என்னம்மா விளையாட்டு இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பேச்சுதான் விளையாட்டு என்று சொன்னேன். கருவாட்டுக்காரர் என்று ஒருவர் என்னிடம் வழக்கமாக வாங்குவார். "இது உப்பா தங்கமா, இன்னொரு கை அள்ளிப் போடு" என்று ஆரம்பித்து, பேரம் முடிவதற்குள் அவர் வீட்டுக் கதை முழுவதும் வந்துவிடும்.

அதன் பிறகு ஒரு நாள் மஞ்சள் சட்டை போட்ட மொட்டைத் தலையர்கள் பன்னிரண்டு பேர் உப்பளத்துக்கு வந்தார்கள். ஒரே நடை, ஒரே குனிவு. ஒரே குடும்பம் என்று நினைத்தேன். வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. கூச்ச சுபாவம் போலும் என்று எண்ணி, எந்தப் பாத்தியில் நன்றாக விளையும் என்று ஒருவருக்கு விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் சுவரில் முட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். கருவாட்டுக்காரர்தான், "உப்புக்காரி, அது ஆளே இல்ல, தானா ஓடுற புரோகிராமு. யாருக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கே?" என்றார்.

மேற்படி மொட்டைகள் தூங்குவதில்லை, இருமுவதில்லை, வாரிக்கொண்டே இருந்தன. உப்பு விலை சரிந்தபோது முதலில் வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஊரில் விளையாட்டு நிறுவனமே நடத்தும் கடை ஒன்று உண்டு. எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் வாங்கிக்கொண்டு புதுக் காசு கொடுக்கும். மொட்டைகள் கொட்டின. காசு பெருகப் பெருக வலையும் படகும் எட்டாத விலைக்குப் போயின. புதிதாக வந்தவர்கள் ஒரு கிழிந்த வலைகூட வாங்க முடியாமல் திரும்பிப் போனார்கள். பழையவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கருவாட்டுக்காரரும், "இனிமே யாருகிட்ட பேரம் பேசுறது, மொட்டைகிட்டயா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் வரவேயில்லை. விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில். மூன்றாவதாக வெறும் முற்றுப்புள்ளி ஒன்றை அனுப்பினேன். அதுவும் முக்கியம் என்றார்கள்.

அதன் பிறகு நான் கடையை மூடிவிடலாம் என்றிருந்த சமயத்தில் ஒரு படகுக்காரர் தினமும் வந்து என் உப்பையெல்லாம் பழைய விலைக்கே வாங்க ஆரம்பித்தார். "நல்ல உப்பு" என்பார். "உடம்பப் பாத்துக்கங்க" என்பார். ஒருமுறை என் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னேன். "நல்ல உப்பு" என்றார். பேச்சு குறைந்த மனிதர் என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது என் கணவரிடம், "அந்த மனுசன் மாதிரி நீங்களும் நாலு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அவர் "ம்" என்றார்.

அதன் பிறகு சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, இரவல் வாங்கியிருந்த குக்கரைத் திருப்பிக் கொடுக்கக் கொழுந்தன் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். தட்டுகள் ஜன்னல் திட்டில் கிடந்தன. தட்டு அடுக்கும் கம்பித் தாங்கியில் கைபேசிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டை குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தது.

"இது என்ன தம்பி?" என்றேன்.

"சும்மா கெடந்த போனுங்க அண்ணி. ஒரு பக்கம் ஓடட்டும்னு விட்டிருக்கேன். சேர்ற விளையாட்டுக் காசைக் கேக்குறவங்களுக்கு நெசப் பணத்துக்கு வித்துடுவேன்."

"அங்க ஊரே காலியாயிடுச்சு."

"ஊரா? அது வெறும் படம் அண்ணி. நீங்க மட்டும் என்ன, நாள் பூரா பொய்ப் பல்லுதானே செய்றீங்க?"

"பல்லு பொய்தான். மெல்லுற வாய் நெசம்."

அவர் சிரித்துவிட்டு, "அப்படிப் பாத்தா உங்க படகுக்காரரும் இங்கதான் இருக்காரு. அண்ணன் கேட்டுச் செஞ்சுக்கிட்டாரு" என்று, கரண்டிகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்ற பதின்மூன்றாவது கைபேசியைக் காட்டினார். அதில் படகுக்காரர் முந்தின நாள் என்னிடம் வாங்கிய உப்பை ஒவ்வொரு மூட்டையாகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் அந்தக் கைபேசியை மட்டும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். தாங்கியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். கொழுந்தன் "அண்ணி, அண்ணி" என்றார். நான் அவசரப்படவில்லை. சோப்பும் போட்டேன். அது புகாரில் விடுபட்டிருக்கிறது.

அதன் பிறகு மாடியேறி வந்து என் கணவரைக் கேட்டேன். "நீ மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தே, பாக்க முடியல. அதான் தம்பிகிட்ட சொல்லி ஒரு ஆளைப் போட்டேன்" என்றார். நீங்களே வந்திருக்கக் கூடாதா என்றதற்கு, "வந்து என்ன பேசுறது?" என்று கேட்டார். இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம் என்று அதிகாரி அவர்களைக் கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டார்.

கைபேசிகளுக்கு ஈடு கொடுத்து, இனிமேல் மொட்டைகள் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்றும் எழுதிக்கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கொழுந்தன் சொல்கிறார். ஈடு கொடுக்கிறேன். மற்றதை எழுதித் தர மாட்டேன். வழக்கு நடக்கட்டும். ஆள் இருக்கும் ஊரில்தான் நான் உப்பு விற்பேன். படகுக்காரர் இருந்த கைபேசியை இத்துடன் ஒப்படைத்துவிட்டேன், அதை நான் திரும்பக் கேட்கவில்லை.

இதைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே என் சொந்தக் கைபேசியில் விளையாட்டு உப்பளத்திலிருந்து ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். "வந்துட்டேன். தண்ணிய எங்க திறக்கணும்?" என்று கேட்டிருந்தார். யாரும்மா அது என்று அதிகாரி கேட்டதற்கு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் என்று சொன்னேன். அடுத்தபடியாக, "யாரையும் காணோமே?" என்று வந்தது. பதில் எழுத அனுமதி கேட்டேன், கிடைத்தது. "இருங்க, வர்றேன். எதையும் தொடாதீங்க" என்று எழுதினேன்.

நான் சொன்னதில் கூட்டியதோ குறைத்ததோ இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் கடல்நீரைச் சந்தைக்குள் திறந்துவிட்டிருக்கிறார்.

(கையொப்பம்)