மெர்டேக்கா லீவுல ஒரு சொங்காக் ஆட்டம்

...நியாயத்த நீயே சொல்லு மல்லிகா. வாளி நெறைய நேரமாகும், இந்த காஜா பெராங் தெருக் கொழாயில தண்ணி எப்பவும் இப்படித்தான். நீ புதுசா குடிவந்தவ, ரெண்டு பக்கமும் சாயமாட்ட. எதுத்த வீட்டு ரோஷன் பீவி என்கிட்ட பேசாம இருக்கலாமா? இந்தப் பூங்காவனம் என்ன, கொலையா பண்ணிட்டா?

மெர்டேக்கா லீவு, அதான் சுதந்திர நாளு. ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் கொடியேத்தறதப் பாக்கப் போயிட்டாங்க. நான்தான் சொன்னேன், "நமக்கும் லீவுதான்டி, அடுப்ப மூட்டாத, நாள் பூரா ஆட்டந்தான்"னு. பீவி அவ சொங்காக் பலகையத் தூக்கிட்டு வந்தா. நம்ம பல்லாங்குழி மாதிரிதான், ஆனா ரெண்டு கோடியிலயும் ஆளுக்கொரு பெரிய குழி. கையோட நாசி லெமாக் வேற, தேங்காப்பால்ல வெந்த சோறு... அந்த சம்பல்ல நெத்திலி போட்டிருந்தா பாரு... சே, எங்க விட்டேன்?

ஆங், பசு! நம்ம ஆட்டத்துல குழியில நாலு சோழி சேந்தா பசுன்னு அள்ளுவோம்ல? சொங்காக்ல அது கெடையாது. நான் அள்ளிட்டேன். பீவி சிரிச்சுக்கிட்டே, "போவுது, வெச்சுக்க"ன்னா. அப்புறம் அவ குழியில நாலு சேந்துச்சு. அள்ளப் போனா... கையத் தட்டிவிட்டேன்! "இது சொங்காக்டி, பசு ஏது?"ன்னேன். எனக்கே வெக்கமாப் போச்சு, வாய் நின்னாத்தானே! "சுதந்திரம் வந்தாச்சு, என் வீட்டுல என் சட்டம்"னு பெரிய மந்திரி மாதிரி பேசிட்டேன்.

பலகையக் கக்கத்துல வெச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நாசி லெமாக்கையும்ல தூக்கிட்டுப் போயிட்டா!

ஆட்டத்துல செயிச்சது நான்தான், அதச் சொல்லணும். அடுப்பும் மூட்டல... செயிச்சுட்டு பச்சத்தண்ணி குடிச்சேன்.

சிரிக்காதம்மா. காலையில அவ சன்னல் தெறக்கற சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிக்கறது. இப்பயும் தெறக்குறா, என் பக்கந்தான் திரும்ப மாட்டேங்கறா. நீ ஒண்ணு பண்ணு... போயி சொல்லு, பூங்காவனம் அவ சட்டப்படியே ஆடறாளாம்னு. பசு மட்டும் எப்பவாச்சும்... இல்லல்ல, அதச் சொல்லாத!

மல்லிகா? அட, சொல்லி முடிக்கல, பீவி வீட்டுக்குள்ளயே போயிட்டாளே... என்னது, சோழி சத்தமா? ஆட உக்காந்தே உட்டாளா! பீவி... ஏ பீவி! சன்னல் பக்கந்தான் நிக்கறேன். சும்மா பாக்கறேன், வாயே தெறக்க மாட்டேன்... ஏய் மல்லிகா, அதுல கைய வெக்காத! நாலு இருக்கு பாரு! பீவி, பசுடி! அள்ளு... அள்ளிக்கடி!