பச்சைச் சன்னல்

மே மாதத்தில் எங்கள் ஊரில் சன்னலைத் திறக்காத வீடு இருக்காது. குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்த அறைகளில் ஒரு பூஞ்சை வாடை தங்கிவிடும். காற்றுப் பட்டால்தான் போகும். நானும் திறந்தேன். நான் செய்தது அது ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் புரிந்துகொள்வது எளிது.

எங்கள் காஸ்தெல்ரோவோ ஒரு மலையூர். போர் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் பந்தயக் கார்கள் எங்கள் சாலை வழியாக ரோமுக்குப் போயின. கீழேயிருந்து ஏறிவரும் சாலை ஒரு மேட்டைத் தாண்டியதும் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். மேட்டின் மேல் வரும்வரை அந்தத் திருப்பம் கண்ணில் படாது. வருடத்துக்கு ஒரு காராவது அங்கே சாலையை விட்டு விலகும். அதனால் பந்தயம் பார்க்க ஊர் ஊராக அலைகிறவர்கள் அதற்கு "நல்ல வளைவு" என்று பெயர் வைத்திருந்தார்கள். மிலானிலிருந்து வருகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி, "நல்ல வளைவு எதும்மா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த வளைவின் எதிரே, வெளிப்பக்கத்தில், எங்கள் வீடு.

என் கணவர் தெல்மோ சாலைப் பணியாளர். வளைவில் அடுக்கிய வைக்கோல் கட்டுகள் சரிந்தால் எடுத்து வைப்பது பந்தயத்தன்று அவர் வேலை. அப்படி ஒரு கட்டைத் தூக்கக் குனிந்தபோதுதான் கார் அவர்மேல் ஏறியது. யாரோ ஒரு செய்தித்தாளை அவர்மேல் விரித்தார்கள். பந்தயம் நிற்கவில்லை. அடுத்த கார் வரும் சத்தம் கேட்டதும், சுற்றி நின்றவர்கள் அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். ஒருவன் மட்டும் போகவில்லை. பன்றியிறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். செருப்பு நுனியால் செய்தித்தாளை விலக்கி முகத்தைப் பார்த்தான். பிறகு இன்னொரு வாய் கடித்தான். உதட்டோரம் கொழுப்பு மினுங்கியது. காரை ஓட்டியவரின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்த வாய் மறக்கவில்லை.

மாடிச் சன்னலை அன்று மூடினேன். வெள்ளைச் சுவரில் பச்சைக் கதவுகள், உள்பக்கமாகத் திறப்பவை.

அடுத்த வருடம் இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. தெல்மோவின் அண்ணன் குவால்தியேரோ எங்கள் ஊர்ப் பந்தயக் குழுவின் தலைவர். அவர் என் வீட்டுச் சுவரோரமாகப் படிப்படியாகப் பலகை அடித்து உட்கார இடம் செய்துகொண்டிருந்தார்.

"அத்தான், உங்க தம்பி செத்த இடம் இது."

"தெரியாதா எனக்கு? போன வருஷம் அவனவன் வைக்கோல் மேல ஏறி நின்னான். பலகை போட்டா ஒரு ஒழுங்கா இருப்பானுங்க."

"பந்தயத்தையே நிறுத்தச் சொல்லி மேல எழுதுங்களேன்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு ரோட்டுக்காரன் செத்ததுக்கு ரோம்ல எவன் பேனாவத் தொறப்பான்? பேர் வாங்கின ஓட்டுநர் ஒருத்தன் போகணும், கூடவே பாக்க வந்த சனமும் நாலஞ்சு போகணும். அப்பதான் நிறுத்துவாங்க. நீ போய்ச் சாப்பிடு எர்சீலியா. துரும்பா இளைச்சுப் போயிட்டே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்னது சரி. அதை நான் பல மாதம் யோசித்துப் பார்த்தேன். அதில் எங்கும் பிழை இல்லை.

அதற்கடுத்த வருடம் அல்தெமாரோ வெஸ்ஸானி என் வீட்டில் தங்கினார். பெயர் வாங்கிய ஓட்டுநர். பந்தயத்துக்கு முன் சாலையைப் பழகிக்கொள்ள வந்திருந்தார். நல்ல பையன். என் சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தானே கழுவி வைப்பார். தெல்மோ விழுந்த இடத்தில் பூ வைத்த ஒரே பந்தயக்காரர் அவர்தான்.

"அக்கா, மேல அந்தப் பச்சைச் சன்னல் எப்பவும் மூடியேதான் இருக்குமா?"

"அவர் போனதுலேர்ந்து திறக்கறதில்ல."

"அது போதும். வழியெல்லாம் மேடு, எல்லாம் ஒரே மாதிரி. எந்த மேட்டுக்குப் பின்னால என்ன இருக்குன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? மேல ஏறும்போது அந்தப் பச்சை தெரிஞ்சா, இது உங்க ஊருன்னு ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துருவேன். பந்தயத்தன்னிக்கு வெள்ளை கிள்ளை அடிச்சு வச்சுராதீங்க. நேரா உங்க அடுப்படிக்கு வந்துருவேன்."

"வாங்க. சூப்பு வச்சிருப்பேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. தன் அடையாளத்தை என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். வேறொருவர் சொல்லியிருந்தால் அது வேறொருவராக இருந்திருக்கும்.

பந்தயத்தன்று காலையிலேயே பலகைகள் நிறைந்துவிட்டன. மேலேயிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக வாய்கள். மென்றன, துப்பின, எப்போது ஆகும் என்று கேட்டன. நான் சன்னலைத் திறந்தேன்; பச்சைக் கதவுகள் உள்ளே மடங்கின. நாற்காலியை முந்தின நாளே மாடிக்குக் கொண்டுபோயிருந்தேன்.

குவால்தியேரோவின் மகள் நிவேஸ் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரி. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"சித்தி! சன்னலத் திறந்துட்டீங்களா! நான் மேல வரட்டுமா? இங்க ஒருத்தன் என் புதுச் சட்டை மேலயே ஒயின ஊத்தறான்!"

நான் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நாலைந்து பேரில் இவர் வேண்டாம், அவர் வேண்டாம் என்று பிரிக்கத் தொடங்கினால் எந்தக் காரியமும் நடக்காது.

"அங்கயே இரும்மா. அங்கதான் நல்லாத் தெரியும்" என்றேன்.

மேட்டை ஏறும்போது எந்தக் காரின் சத்தமும் ஒரு இடத்தில் தணியும். வெஸ்ஸானியின் கார் வந்தபோது தணியவில்லை. சிவப்புக் கார் மேட்டின்மேல் எழுந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை. என் சன்னலைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசிவரை நிமிர்ந்தே இருந்தார்.

அவரோடு ஒன்பது பேர் போனார்கள். அதில் நிவேஸும் ஒருத்தி. குவால்தியேரோ சொன்னதைவிட அதிகம்தான். ஆனால் அவர் சொன்னபடியே நடந்தது. அந்த வருடமே பந்தயத்தைத் தடைசெய்தார்கள். அதன்பிறகு எங்கள் வளைவில் யாரும் சாகவில்லை. பிழைத்தவர்களுக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது. அதனால் எனக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பலகைகளில் மிஞ்சியவர்கள் எல்லோரும், அந்த நொடியில் கண்ணை மூடிக்கொண்டோம் என்றார்களாம். அதனால்தான் போலீஸ்காரர் மாடிக்கு ஏறி வந்தார். சன்னலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்களாவது பாத்தீங்களாம்மா?"

முழுவதும் பார்த்திருந்தேன், ஒரு நொடிகூட விடாமல். ஆனால் வாயில் ரொட்டி இருந்தது, விழுங்க வேண்டியிருந்தது. அவர் என் கையிலிருந்த மீதியைப் பார்த்தார், பிறகு என் உதட்டைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

செய்தித்தாளை விலக்கிய அந்த மனிதனோடு என்னைச் சேர்க்கக் கூடாது. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.