ஈரக் காலையின் முதல் பிரேக்

என் பேச்சு எங்கே நீண்டுவிடுமோ என்ற அச்சத்தைப் புன்னகையால் மறைத்துக்கொண்டு நடுநாயகமாய் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மேடைக்கு மெருகூட்டும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் முகம் புதைத்திருக்கும் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கார்த் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளராக உயர்ந்திருக்கும் என் மருமகளைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். மருமகளைப் பாராட்ட மாமியாரைக் கூப்பிட்ட துணிச்சல்காரர் யாரோ தெரியவில்லை. சிரிக்காதீர்கள், என் மகன் அங்கே வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான்.

வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குப் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அவளைத் தெரியும்.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் என்ன? வேகமா? விசையா? விண்ணைத் தொடும் விந்தையா? எதுவும் இல்லை. இரவெல்லாம் ஈரத்தில் நின்ற கார், காலையில் கிளம்பி முதல் முறை பிரேக் மிதித்ததும் எப்படி நிற்கிறது? அவ்வளவுதான் ஆராய்ச்சி. பிரேக்கின் இரும்பு வட்டின்மேல் ஈரம் படிந்திருந்தால் அது முரட்டுத்தனமாகக் கவ்வுமாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அப்படிக் கவ்வினால் வண்டி பக்கவாட்டில் இழுக்குமாம்.

என் தங்கை விடுவாளா? “ஊரே வண்டி ஓட்டப் படிக்குது, நீ நிறுத்தப் படிக்கிறியாமே?” என்று கேட்டாள். “ஓட்டுறதுக்கு ஆசை இருந்தா போதும் சித்தி, நிறுத்துறதுக்குத்தான் படிக்கணும்” என்றாள் இவள். அன்றைக்கு வாயை மூடிய என் தங்கை இன்றைக்கும் முழுதாகத் திறக்கவில்லை.

பட்டம் வந்தது. கல்லூரியே வேலை தருகிறேன் என்றது. இவள் மறுத்தாள். “ஆராய்ச்சி நூலகத்துல இருந்தா தூங்கும் அத்தை, வண்டிக்குள்ள போனாதான் வேலை செய்யும்” என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள்.

அங்கே ஒரு வழக்கம். சோதனைக்கு முன்னால் காரைச் சில சுற்று ஓட்டி, பிரேக்கைச் சூடாக்குவார்கள். அதன் பிறகே அளவெடுப்பார்கள். சூடானால் ஈரம் காய்ந்துவிடுமே. இவள் ஆண்டுக்கணக்கில் அல்லும் பகலும் ஆராய்ந்த அந்த முதல் மிதியை அங்கே அளந்தவர் ஒருவரும் இல்லை.

புதிய கார் ஒன்று சந்தைக்குப் போகக் காத்திருந்தது. இவள் சூடாக்காமல் சோதித்தாள். வண்டி இடப்பக்கம் இழுத்தது.

“அதை விடுங்கம்மா. சூடாக்கி எடுத்த அளவெல்லாம் சுத்தமா இருக்கு, சோதனை அறிக்கையில கையெழுத்துப் போடுங்க” என்றார் அன்றைய தலைமைப் பொறியாளர்.

“வாங்குறவங்க வாசல்ல சூடாக்கிட்டா சார் கிளம்புவாங்க?”

“உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரணும்.”

வீட்டுக்கு வந்து சொன்னாள். “போட்டுத் தொலையேன், வேற யாராவது பாத்துப்பாங்க” என்றான் என் மகன். ஆமாம், நீதான், தலையைக் குனியாதே. அவள் என்னைப் பார்த்தாள். “முடியாது அத்தை. நான் படிச்சதே இது ஒண்ணுதான். இதுலயே பொய் சொன்னா அப்புறம் எதுக்கு நான்?” என்றாள். “வேலை போனா போகட்டும்மா, வீட்டுல சோறு இருக்கு” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தூறல். தலைமைப் பொறியாளரிடம் அவள் வாதாடவில்லை, வழக்காடவில்லை. சாவியை நீட்டினாள். “ராத்திரி முழுக்க வெளியில நின்ன வண்டி சார். வெளிக்கதவு வரைக்கும் நீங்களே ஓட்டுங்க, நானும் கூட உக்காந்துக்கிறேன்.”

ஓட்டினார். கதவருகே மிதித்தார். கார் இடப்பக்கம் வெட்டி, பூச்செடிப் பாத்தியில் ஏறி நின்றது. இருவருக்கும் அடி இல்லை. அவர் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. இறங்காமலே சொன்னார்: “என் பொண்ணுக்கு இந்தக் காரைத்தான் வாங்கித் தர்றதா இருந்தேன்.”

கார் வெளியாவது தள்ளிப்போனது. பிரேக் திருத்தப்பட்டது. சூடாக்காத முதல் மிதி, எல்லாக் கார்களுக்கும் முதல் சோதனையானது. அந்தப் பெரியவர் ஓய்வுபெறும்போது தம் நாற்காலிக்கு அவளையே பரிந்துரைத்தார். இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். நான் சொன்னது சரிதானே ஐயா? தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடுபவருக்குக் கைதட்டல் உண்டு. பந்தயத்தில் வெல்பவருக்குப் பதக்கம் உண்டு. இவள் சாதனைக்குக் கண்ணால் காணும் சாட்சி உண்டா? நாளைக் காலை நனைந்த தெருவில், பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தாய் கிளம்புவாள். தெருமுனையில் ஒருவர் குறுக்கே வருவார். தாய் பிரேக்கை மிதிப்பாள். வண்டி நேராக நிற்கும். அவர் கடந்து போவார், அவளும் போவாள். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அவள் என் மருமகள். அதைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியை இவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருந்தேன். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. பூரித்த நெஞ்சோடு வணங்கி அமர்கிறேன்.