பொண்ணு பாக்க வந்த பீ.எச்.ஐ.

ஷிஹாரா: ...அப்ப, சாப்பிட முன்னுக்குச் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவீங்களா, இல்ல சும்மா தண்ணியில நனச்சிட்டு விட்டுருவீங்களா?

ஸுஹைப்: என்ன...?

ஷிஹாரா: கை. கை கழுவுறது.

சாச்சி: யா அல்லாஹ்! ஷிஹாரா! பொண்ணு பாக்க வந்த புள்ளக்கிட்டக் கேக்குற கேள்வியா இது? மகன், நீங்க இந்த வட்டிலப்பத்த எடுங்க. இவ கதைக்கிறத கணக்கெடுக்க வேணாம்.

ஸுஹைப்: பரவால்ல சாச்சி... உங்கள சாச்சியெண்டு கூப்பிடலாந்தானே?

சாச்சி: கூப்பிடுங்க, கூப்பிடுங்க. நான் இவட உம்மாட தங்கச்சி. பக்கத்து வீடுதான், ஆனா பாதி நாள் இங்கதான். உங்கட வாப்பாவும் இவட வாப்பாவும் முன்னுக்கு இருந்து கதைக்காங்க. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கதைச்சிப் பாக்கட்டுமெண்டு என்னயக் காவலுக்கு வெச்சிட்டாங்க. நான் ஒண்டும் கேக்க மாட்டன். காதப் பொத்திட்டு இரிக்கன்.

ஷிஹாரா: காதுல கை இல்லயே சாச்சி.

சாச்சி: மனசால பொத்திட்டன்.

ஸுஹைப்: சவுக்காரம் போட்டுத்தான் கழுவுவன்.

ஷிஹாரா: எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.

ஸுஹைப்: நான் பீ.எச்.ஐ, சுகாதாரப் பரிசோதகர்! சிலாபத்துல கட கடயா ஏறி எறங்கி, கை கழுவுங்க, சட்டிய மூடுங்க எண்டு சொல்லுற ஆள்.

ஷிஹாரா: சொல்லுற ஆள் கழுவுறாரா எண்டுதான் கேக்கன்.

சாச்சி: ஹி ஹி... இல்ல, நான் சிரிக்கல்ல. இருமல்.

ஸுஹைப்: இவங்க எப்பவும் இப்பிடித்தானா சாச்சி?

சாச்சி: முன்னுக்கெல்லாம் சாதாரணமான புள்ள. எம்.ஓ.எச். சுகாதார ஒபீஸ்ல வேலக்கிச் சேந்தா, பொறவு இந்த மாஸ்டர்ஸ் படிக்க வெளிக்கிட்டா. பொதுச் சுகாதாரம். அண்டேலேர்ந்து இந்த வீட்டுல ஒருத்தரும் நிம்மதியாத் தண்ணி குடிச்சதில்ல. "கொதிச்சாறினதா? எந்தக் கப்புல அள்ளினீங்க? கப்பு எங்க இருந்த?" வாப்பாவே இப்ப தொழப் போற பள்ளியிலதான் தண்ணி குடிக்கிறாரு.

ஷிஹாரா: பள்ளித் தண்ணித் தாங்கிய நான் இன்னம் பாக்கல்ல.

சாச்சி: பாக்க வேணாம் மகள். அவருக்கு இருக்கிற ஒரே இடம்.

ஸுஹைப்: ஆராய்ச்சி எங்க செய்யிறீங்க?

ஷிஹாரா: உச்சமுனையில. கற்பிட்டியிலேர்ந்து போட்ல போகணும். அங்க சின்னப் புள்ளயளுக்கு ஏன் அடிக்கடி வயித்தோட்டம் வருது, குடிக்கிற தண்ணிய எப்பிடி எடுத்து வெக்காங்க... அதுதான்.

ஸுஹைப்: ஓம், ஓம். நல்ல தலைப்பு. அந்த மூணாவது அத்தியாயந்தான் இழுபடுது, என்ன?

சாச்சி: எது மகன்?

ஸுஹைப்: ஆ?

சாச்சி: மூணாவது அத்தியாயமெண்டீங்க. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ஸுஹைப்: அது... பொதுவாச் சொன்னன் சாச்சி. ஆராய்ச்சி செய்யிற எல்லாருக்கும் மூணாவதுதான் இழுபடும். ரெண்டு முடிஞ்ச ஒடன... மூணு வரும். வந்து... இழுபடும்.

ஷிஹாரா: வட்டிலப்பம் சாப்பிடுங்க.

ஸுஹைப்: சாப்பிடுறன்.

சாச்சி: நீங்களும் ஒரு நாளைக்கு உச்சமுனைக்குப் போயிப் பாருங்களன் மகன். நல்ல காத்து.

ஷிஹாரா: இவரா? இவருக்குப் போட்ல ஏறின ஒடனயே வாந்தி வரும்.

சாச்சி: ...உனக்கு எப்பிடித் தெரியும்?

ஷிஹாரா: மூஞ்சப் பாத்தாத் தெரியுதுதானே சாச்சி! ஒரு... ஒரு வாந்தி மூஞ்சி.

ஸுஹைப்: மிச்சம் நன்றி.

சாச்சி: பொண்ணு பாக்க வந்த புள்ளய வாந்தி மூஞ்சியெண்டு சொன்ன ஊருல மொத ஆள் நீதான் மகள்.

ஸுஹைப்: சரி... எனக்கும் ஒரு கேள்வி இரிக்கு. கேக்கலாமா?

ஷிஹாரா: கேளுங்க.

ஸுஹைப்: கலியாணத்துக்குப் பொறவும் இந்தப் படிப்புத் தேவதானா?

ஷிஹாரா: என்ன?

ஸுஹைப்: இல்ல... பொம்புளப் புள்ள. டிகிரி ஒண்டு இரிக்கு, வேல ஒண்டு இரிக்கு. இனி மாஸ்டர்ஸ் எதுக்கு? நுளம்படிக்கவா?

ஷிஹாரா: நுளம்படிக்கவா!

ஸுஹைப்: வீட்டுல அமைதியா இருந்து, இப்பிடி ருசியா வட்டிலப்பம் ஆக்கிட்டு...

ஷிஹாரா: இங்க பாருங்க, எனக்கு வட்டிலப்பம் ஆக்கத் தெரியா! இது கடயில...

சாச்சி: ஷிஹாரா!

ஷிஹாரா: ...கடயில வாங்கின முட்டையில உம்மா ஆக்கினது.

சாச்சி: மகன், கொஞ்சம் பொறுங்க. நான் காதப் பொத்திட்டுத்தான் இருந்தன். ஆனா இது உள்ளுக்கு வந்துட்டுது. போன மழைக்கு எங்கட தெருவுல நுளம்பு கூடி டெங்கு வந்த நேரம், வீடு வீடாப் போயிச் செரட்டயும் டயருமாக் கவுத்துப் போட்டது யாரெண்டு நெனச்சீங்க? இவதான். "பதுர்தீன்ட மகளுக்குக் குப்பயிலதான் வேல"யெண்டு சிரிச்சாங்க. சிரிச்ச வீட்டுக்காரங்கதான் பொறவு காய்ச்சலெண்டு இவளத் தேடி ஓடி வந்தாங்க.

ஷிஹாரா: விடுங்க சாச்சி.

சாச்சி: விட மாட்டன். உச்சமுனையில மார்த்தாவெண்டு ஒருத்திட கைக்கொழந்த வயித்தால போயிச் சுருண்டு கெடந்த நேரம், மடியில வெச்சிக் கரண்டி கரண்டியா ஜீவனி உப்புக் கரச்சிக் குடுத்து, போட்டுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததும் இவதான். வீட்டுக்கு வந்து சட்டயக் கூட மாத்தல்ல, குந்திட்டு அழுதா. "இது வராமத் தடுக்கலாம் சாச்சி, தடுக்கலாம்" எண்டு அழுதா. அதுக்குத்தான் படிக்கிறா. இந்தப் படிப்ப நிப்பாட்டுற யோசனயெண்டா, அந்தப் பீங்கானக் கீழ வெச்சிட்டு எழும்புங்க.

ஸுஹைப்: ம்ம்ம்... ம்ம்...

சாச்சி: முழுங்கிட்டுக் கதைங்க.

ஸுஹைப்: முழுங்கிட்டன். சாச்சி, நான் சொன்னது பிழ. படிக்கட்டும். முழுசாப் படிச்சி முடிக்கட்டும். உச்சமுனைக்கு நானே கூட்டிட்டுப் போறன்.

ஷிஹாரா: வாந்தி?

ஸுஹைப்: வாளி ஒண்டு கொண்டு போறன்.

சாச்சி: இத வாப்பாமார்ட முன்னுக்கும் சொல்லுவீங்களா?

ஸுஹைப்: சொல்லுவன்.

சாச்சி: அங்க போயி மாத்த மாட்டீங்களே?

ஸுஹைப்: வல்லாஹி, மாத்த மாட்டன்.

சாச்சி: அப்ப நான் போயி மச்சான்ட காதுல போட்டுட்டு வாறன். கதவு தொறந்துதான் இரிக்கும். கதிரயக் கிட்ட இழுக்கக் கூடாது!

ஸுஹைப்: ...போயிட்டாங்களா?

ஷிஹாரா: பொறு... செருப்புச் சத்தம் கேக்குது... ஓம். போயிட்டாங்க.

ஸுஹைப்: அல்ஹம்துலில்லாஹ்!

ஷிஹாரா: டேய்! நுளம்படிக்கவா? நுளம்படிக்கவா? நீயும் அதே மாஸ்டர்ஸ்தானேடா படிக்கிற! அதே வகுப்புல!

ஸுஹைப்: மெல்ல! கதவு தொறந்து இரிக்கு!

ஷிஹாரா: நாங்க பேசி வெச்சது என்ன? நீ படிப்பப் பத்தி மரியாதயா ஒரு சந்தேகம் கேப்ப. நான் விளங்கப்படுத்துவன். நீ ஒத்துக்குவ. சாச்சி போயிச் சொல்ல வாப்பா எளகுவாரு. இதுக்குள்ள வட்டிலப்பம் எங்கேர்ந்துடா வந்த?

ஸுஹைப்: பயத்துல வந்த. மூணாவது அத்தியாயமெண்டு வாய் தவறிட்டுதானே. அத மறைக்க ஒரேயடியாக் கொடும மாப்புளயா மாறிட்டன்.

ஷிஹாரா: எனக்கு மெய்யாவே கோவம் வந்துட்டுது.

ஸுஹைப்: தெரியும். மூக்குச் செவந்துட்டுது. புள்ளிவிவரப் பாடத்துலயும் ஒனக்கு அப்பிடித்தான் செவக்கும்.

ஷிஹாரா: சிரிக்காத... நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும்... ஸுஹைப், வாப்பாக்கு மட்டும் தெரிஞ்சா? "படிக்கப் போனியா, மாப்புள புடிக்கப் போனியா?" எண்டு கேட்டு லெப்டொப்பப் பூட்டி வெச்சிருவாரு. முன்னுக்கு என்னயப் பொண்ணு கேட்ட அந்தக் குருநாகல் ஆக்கள் இன்னமும் கோல் எடுக்காங்க. படிப்பு வேணாம், பொண்ணு மட்டும் போதுமாம்.

ஸுஹைப்: ஒண்டும் தெரிய வராது. ஆனா ஷிஹா... எனக்கு ஒரு விஷயம் விளங்கல்ல. புரோக்கர் ஜப்பார் நாநாகிட்ட நீ என்னெண்டு சொன்ன?

ஷிஹாரா: நானா? நீதானே சொன்ன?

ஸுஹைப்: நான் வாயே தொறக்கல்ல! எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சிட்டே இருந்தன். அதுக்குள்ள அந்தாளு எங்கட வாப்பாகிட்ட வந்து நிக்காரு. "புத்தளத்துல ஒரு நல்ல எடம், புள்ளட பேரு ஷிஹாரா" எண்டு. நீ முந்திட்டாயெண்டு நெனச்சன்.

ஷிஹாரா: வெக்கமில்லாம நான் புரோக்கர்கிட்டப் போவனா? நீதான் அனுப்பினெண்டு நான் நெனச்சி, ஒன்ன ஒரு பெரிய வீரனெண்டு...

ஸுஹைப்: வீரந்தான். வேற எடத்துல.

ஷிஹாரா: அப்ப யாரு...?

ஸுஹைப்: நாங்க கேட்ட துஆ கபூலாகி இரிக்கும், அல்லாஹ் ஏத்துக்கிட்டான்.

ஷிஹாரா: ஷ்ஷ்! வாறாங்க, வாறாங்க! நேரா இரி. இல்ல... இருங்க. ம்ம்... அப்ப உங்களுக்குக் கூடப் பொறந்தது எத்தன பேர்?

ஸுஹைப்: ஒரு தங்கச்சி மட்டுந்தான். உங்களுக்கு?

சாச்சி: முடிஞ்சுது!

ஷிஹாரா: என்... என்ன சாச்சி முடிஞ்சுது?

சாச்சி: பேச்சுத்தான் மகள். மொகம் ஏன் இப்பிடி வெளுக்குது? வாப்பா சரியெண்டுட்டாரு. "மாப்புளயே படியெண்டா, நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?" எண்டாரு. மாப்புளட வாப்பா லத்தீப் நாநாவும் தலயாட்டிட்டாரு. ஆராய்ச்சிய முடிச்சிக் குடுத்த பொறவு நிக்காஹ்.

ஷிஹாரா: சாச்சீ...!

சாச்சி: நசுக்காத, விடு, மூச்சு முட்டுது!

ஸுஹைப்: மிச்சம் சந்தோஷம் சாச்சி. முன்னப் பின்னத் தெரியாத ஒரு புள்ளயோட, இவ்வளவு சுறுக்கா மனசு ஒத்துப் போகுமெண்டு நான் நெனக்கவே இல்ல.

ஷிஹாரா: ஓம் சாச்சி. இண்டக்கித்தான் மொதமொதலா இவர்ட மொகத்தயே பாத்த.

சாச்சி: போதும், போதும். நீங்க ரெண்டு பேரும் நல்லா நடிச்சீங்க, நானும் நடிச்சன், இனி வாய் நோகுது. சனிக்கிழம சனிக்கிழம இவ வகுப்புக்கு லெப்டொப்புக்கு முன்னால குந்தினா, தேத்தண்ணி கொண்டு வந்து வெக்கிறது யாரு மகன்? அதுல பெட்டி பெட்டியா மூஞ்சியள். எல்லாம் தூங்கி வழியும். இவ வாயத் தொறந்தா மட்டும் ஒரே ஒரு மூஞ்சி காதுவரைக்கும் பல்லக் காட்டும். கீழ பேரும் போட்டிருந்துச்சி. அந்தப் பேர ஜப்பார் நாநாகிட்டச் சொன்னதே நான்தான்!