பஸ்ரியன் செதுக்கிய கழுதை

கழுதை ஓடுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பஸ்ரியன் பார்த்திருக்கிறார். அவர் மன்னார்க்காரர்; அங்கே தெருவெல்லாம் கழுதைகள். அவருடைய சட்டத்தரணியான உங்களுக்கு இது தெரிந்திருக்காது.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமைகளில், ஜப்பானிய மர அச்சு வகுப்பு நடக்கும். நான் ஆறு வருடமாகப் போகிறேன். குதிரைகள் மட்டுமே செதுக்குவேன். என் கோடுகள் சுத்தமானவை என்பார் ஆசிரியை. 1996 வசந்தத்தில் பஸ்ரியன் வந்து சேர்ந்தார். பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். அகதி வழக்கு முடியாதவர். வந்த மூன்றாம் மாதம் ஒரு கழுதையை அச்செடுத்தார். பலகையிலிருந்து காகிதத்தை உரித்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை சுவரிலிருந்த என் குதிரையைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"மூர்த்தி அண்ணை, உங்கட குதிரை பாஸ்போட் படத்துக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிக்குது," என்று சிரித்தார் பஸ்ரியன். "நாலு காலையும் இவ்வளவு வடிவாச் செதுக்கினா அது எங்க ஓடுறது? பின்னங்காலைப் பாதியில விட்டிடுங்கோ. மிச்சத்தைப் பாக்கிறவன்ர கண் ஓட்டும்."

அன்பாகத்தான் சொன்னார். செய்து பார்த்தேன். என் குதிரை நொண்டியது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. நவம்பரில் அவருடைய அகதி விசாரணைக்கு என்னை மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார்கள். இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பஸ்ரியன் வாசலில் என் காதருகே, "மடு மாதாதான் உங்களை அனுப்பியிருக்கிறா, அண்ணை," என்றார்.

இராணுவம் இன்னும் தேடுகிறதா என்று நீதிபதி கேட்டார்.

"ஓம், போன மாதமும் ஆமி அம்மாட்ட வந்து விசாரிச்சவங்கள்."

இராணுவத்தினர் அம்மாவிடம் வந்து விசாரித்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். 'போன மாதமும்' என்பதை மட்டும் விட்டேன். எதையும் கூட்டவில்லை. எப்போது என்று நீதிபதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது. அது பழைய கதை, இப்போது ஆபத்து இல்லை என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த பனிக்காலத்தில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் ஆசிரியை கழுதையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய மகனைப் படையினர் கூட்டிச்சென்றார்கள், பிறகு காணவில்லை என்று அவருடைய தாய் உங்களுக்கு எழுதினார். விசாரணைக்கு முந்திய மாதமும் இராணுவம் வீட்டுக்கு வந்ததை மகனுக்கு அறிவித்திருந்ததாகவும் எழுதினார். அதன் பிறகுதான் நீங்கள் விசாரணை ஒலிநாடாவை எடுத்து, தமிழ் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்துக் கேட்டீர்கள்.

அந்தக் கடிதத்தை உங்களுக்கு மொழிபெயர்த்துத் தந்தவன் நான். ஒரு சொல்லையும் விடவில்லை. பொறாமைக்காரன் அப்படிச் செய்வானா?